ஊசியும் போட்டாச்சு, சாப்பாடும் ஆச்சு, ஆனாலும் லோ சுகர்: கணைய அறுவைக்குப் பின் ஒரு சிறுவன்

கோவையில் குழந்தைகள் நீரிழிவுப் பிரிவு ஒன்றில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். கணைய அறுவை முடிந்து எங்களிடம் வந்த ஒரு சிறுவனின் ஏறக்குறைய ஒரு வருட நடப்பு இது. குடும்பத்தின் ஒப்புதலோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சுகர் அளவுகள் எல்லாம் மி.கி./டெ.லி. கணக்கில்.

பின்னணி

பையனுக்கு வயது 11, அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. ஊர் நாமக்கல் மாவட்டத்தில், குச்சிக்கிழங்குக் (மரவள்ளி) காடும் கோழிப்பண்ணையும் நிறைந்த பக்கம். அப்பா லாரி டிரைவர். வடக்கே லைன் போனால் திரும்ப வாரக்கணக்காகும். அம்மா பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலைக்கு விடியுமுன் கிளம்பிவிடுவார். வீட்டில் பையனையும் அவன் தங்கையையும் பார்த்துக்கொள்வது அப்பத்தாதான்.

ஏழு வயதிலிருந்தே வயிற்றுவலி. மேல்வயிற்றில் பிடித்து முதுகுக்கு ஓடும். குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும். பூச்சி மருந்து கொடுத்தார்கள், இரண்டு இடத்தில் தொக்கம் எடுத்தார்கள். பள்ளிக்குப் போகாமலிருக்க நடிக்கிறான் என்று கூட ஒரு பேச்சு இருந்தது. கடைசியில் வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்-ரேயில் முதுகெலும்புக்குக் குறுக்கே வெள்ளை வெள்ளையாகக் கற்கள் தெரிந்தன. சி.டி. ஸ்கேனில் கணையக் குழாய் விரிந்து, உள்ளே கற்கள் அடைத்திருந்தது உறுதியானது. மலத்தில் எலாஸ்டேஸ் 100-க்கும் கீழே, அதாவது கணையத்தின் செரிமானச் சாறு ஏற்கெனவே மிகவும் குறைந்துபோயிருந்தது. எடை 24 கிலோ.

வெப்பமண்டல நாடுகளில் இளவயதினருக்கு வரும் இந்தக் கல் கணைய நோயை 1959-இல் இந்தோனேசியாவிலிருந்து சூய்டெமா எழுதினார். அறுபதுகளில் கேரளத்தில் டாக்டர் ஜீவர்கீஸ் ஏராளமான நோயாளிகளைப் பதிவு செய்தார். மரவள்ளிக் கிழங்கிலுள்ள சயனைடு சார்ந்த பொருள்தான் காரணம் என்று வெகுகாலம் நம்பப்பட்டது. அந்த நம்பிக்கைக்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. SPINK1 போன்ற மரபணு மாற்றங்கள்தான் இப்போது முக்கியமாகப் பேசப்படுகின்றன. இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. குச்சிக்கிழங்கு போட்டுப் பிழைக்கிற வீட்டில் “நாங்க வெளைய வெச்சதே புள்ளைய இப்பிடிப் பண்ணிப்போட்டுதுங்களா?” என்று அப்பத்தா கேட்டார். இல்லை என்று தெளிவாகச் சொல்ல வேண்டியிருந்தது. மருத்துவம் பேசுவதற்கு முன்னால் அந்தப் பாரம் இறங்கவேண்டும்.

அறுவையும் முதல் வாரங்களும்

ஆகஸ்டில் அறுவை. கணையத்தின் உடலும் வாலும் மீட்க முடியாதபடி கெட்டிருந்ததால் அகற்றப்பட்டன. தலைப்பகுதியில் கற்களை எடுத்து, குழாயைத் திறந்து சிறுகுடலோடு இணைத்தார்கள். மண்ணீரல் காப்பாற்றப்பட்டது. இன்சுலின் சுரக்கும் செல் கூட்டங்களான ‘தீவுகள்’ வால் பகுதியில்தான் அடர்த்தி. அறுவைக்கு முன்பே குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த அளவு 190-ஐத் தொட்டிருந்தது, எனவே பின்னால் இன்சுலின் தேவைப்படும் என்பது குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லப்பட்ட விஷயம்.

அப்பா ஒரு வீடியோ பார்த்துவிட்டு வந்து, “செல்லை மட்டும் பிரிச்சு எடுத்து ஈரல்ல வெச்சிர்றாங்களாம்ங்க, நம்மளுக்கு அது ஆகாதுங்களா?” என்றார். நல்ல கேள்விதான். முழுக் கணையத்தையும் எடுத்துவிட்டு, அதிலுள்ள தீவுகளைப் பிரித்து நோயாளியின் கல்லீரலுக்கே திருப்பிச் செலுத்தும் முறை 1977-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் தொடங்கியது, குழந்தைகளுக்கும் செய்கிறார்கள். ஆனால் கற்கள் நிறைந்து நார்போல் இறுகிய கணையத்திலிருந்து பிரித்தெடுக்கக் கிடைக்கும் தீவுகள் குறைவு. இவனுக்கு அறுவையாளர்கள் அந்த வழியை எடுக்கவில்லை.

தீவிர சிகிச்சையில் இருந்தவரை இன்சுலின் நரம்பு வழியாக, மணிக்கொரு சுகர் பார்வையோடு. அங்கே சிக்கல் எதுவும் இல்லை. சிக்கல் எப்போதுமே வாய்வழிச் சாப்பாடு தொடங்கும்போதுதான் தொடங்கும். வீட்டுக்கு அனுப்பும்போது திட்டம் இப்படி இருந்தது: மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன் சீக்கிரம் வேலை செய்யும் ரெகுலர் இன்சுலின் (மதியம் 2 யூனிட்), காலையும் படுக்கும்போதும் மெதுவாக நீண்ட நேரம் வேலை செய்யும் என்.பி.எச். இன்சுலின், நாள் மொத்தம் 12 யூனிட், அதாவது கிலோவுக்கு அரை யூனிட். இரண்டும் 40 அளவு (ஒரு மி.லி.யில் 40 யூனிட்) மருந்துப் புட்டிகள், அதற்கான சிவப்பு மூடி சிரிஞ்சு. கூடவே கணைய நொதி காப்ஸ்யூல், 10,000 யூனிட் உள்ளது: வேளைக்கு இரண்டு, நொறுக்குத்தீனிக்கு ஒன்று. வைட்டமின் ஏ, டி, ஈ, கே சேர்ந்த மருந்தும் உண்டு.

செப்டம்பர் முழுக்க வீட்டில் இருந்தான். மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய காப்ஸ்யூல் இருந்தது. சுகர் நோட்டில் 100-க்கும் 220-க்கும் இடையே எண்கள். எடை 25 கிலோவைத் தாண்டியது.

கவனித்தது

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் நோட்டு மாறியது. தலைமையாசிரியர் அறையில் 12.10-க்கு ஊசி, 12.40-க்குச் சத்துணவு. இரண்டே கால் மணிக்குச் சுகர் 58, 61, 52. கை நடுங்குகிறது, எழுத்து கோணுகிறது, பக்கத்துப் பையனிடம் காரணமில்லாமல் எரிந்து விழுகிறான் என்று வகுப்பாசிரியர் எழுதியிருந்தார். அவர் எழுதிய விதத்தைச் சொல்லியாக வேண்டும்: மணி, சுகர் எண், அன்று என்ன சாப்பாடு, எவ்வளவு மிச்சம் வைத்தான், என்ன கொடுத்தோம், கால் மணி கழித்து எவ்வளவு. எங்கள் வார்டு சார்ட்டில்கூட இவ்வளவு ஒழுங்கு எல்லா நாளும் இருக்காது.

அந்த நோட்டில் இரண்டு விஷயங்கள் என் கண்ணில் பட்டன.

ஒன்று, லோ சுகர் வந்தபோது முதலில் பிஸ்கட் கொடுத்திருக்கிறார்கள். 58 இருந்தது, கால் மணி கழித்து 55. மறுபடி பிஸ்கட், 57. பிறகு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் 84. ஒரே குழந்தை, ஒரே மத்தியானம். மாவுப் பண்டம் ஏறவில்லை, சர்க்கரை ஏறியது.

இரண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் அதே நேரத்து எண்கள் 148, 164, 139. வீட்டில் அன்றைக்கும் அதே 2 யூனிட்தான்.

எடுத்த முடிவுகள்

தொலைபேசியில் முதல் முடிவு மதிய டோஸை 1 யூனிட்டாகக் குறைப்பது. லோ சுகரில் தவிக்கும் குழந்தைக்கு அன்றைக்குச் செய்யவேண்டியது அதுதான். அளவு 66, 70 என்று வந்தது. நடுக்கம் குறைந்தது. எல்லோருக்கும் நிம்மதி.

நவம்பர் பரிசோதனைக்கு வந்தபோது எடை 24.2 கிலோ. ஒரு கிலோவுக்குக் கிட்ட இறங்கியிருந்தான். டோஸ் அதிகமாகி லோ சுகர் வந்த குழந்தை, லோவைச் சமாளிக்கச் சர்க்கரையும் பிஸ்கட்டும் சாப்பிட்டு எடை ஏறத்தான் செய்யும், இறங்காது. டோஸ் மட்டும் காரணமில்லை என்று நான் குழுவில் சொன்னது இதை வைத்துத்தான்.

சாத்தியங்களை வரிசையாகப் பார்த்தோம். சிரிஞ்சு மாறியிருக்குமா? 40 அளவுப் புட்டி, சிவப்பு மூடி சிரிஞ்சு, சரி. 100 அளவுப் புட்டியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் டோஸ் இரண்டரை மடங்காகிவிடும் என்பதால் இதை எப்போதுமே முதலில் பார்ப்போம். ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் இடைவெளி நீள்கிறதா? ஆசிரியர் குறிப்பில் அரை மணிதான். தொடையில் போட்டுவிட்டு ஓடுகிறானா? வயிற்றில்தான் போடுகிறான். மதியம் விளையாட்டு வகுப்பு? வாரத்தில் இரண்டு நாள்தான்; லோ வந்ததோ எல்லா வேலைநாளும்.

14 நாள் கையில் ஒட்டி வைக்கும் சென்சார் ஒன்று போட்டு அனுப்பினோம். திரும்பி வந்தபோது படம் பளிச்சென்று இருந்தது. காலை, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கோடு மேலேறி இறங்குகிறது. ஞாயிறு மதியமும் அப்படியே. திங்கள் முதல் வெள்ளி வரை மதியம் மட்டும் ஏற்றமே இல்லை. ஒரு தட்டுச் சோறு தின்ற குழந்தையின் கோடு சமதளமாகப் போய், மெல்லக் கீழே சாய்கிறது.

அப்பத்தா சொன்னது

அன்றைக்கு அம்மாவுக்கு விடுப்பு கிடைக்காததால் பையனைக் கூட்டி வந்தது அப்பத்தா. சென்சார் படத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் அதைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, பையன் வெளியே போனதும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “அம்மிணி, கேக்கறனேன்னு நெனைக்காதீங்க. இவன் வெளிக்கிப் போனா தண்ணி ஊத்துனாலும் போக மாட்டேங்குதுங்க. எண்ணெயாட்டம் மெதக்குது. ஆப்பரேசனுக்கு முந்தி இப்பிடித்தான் இருந்துது. நடுவுல ஒரு மாசம் நல்லாத்தான் இருந்துது. பள்ளிக்கோடம் போன பொறவு மறுக்கா வந்திருச்சு.”

நொதி மாத்திரை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். மஞ்சப்பைக்குள்ளிருந்து மருந்துக் கடைக் கவரை எடுத்து மேசைமேல் வைத்தார். பழுப்புக் கவர், மடிப்பெல்லாம் எண்ணெய்க்கறை, மேலே நீல பேனாவில் 2–0–2. நடுவிலிருந்த அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

மருத்துவமனையில் கொடுத்த காப்ஸ்யூல் செப்டம்பர் கடைசியில் தீர்ந்திருக்கிறது. அடுத்ததை வெளியே ஒரு கடையில் வாங்கினார்கள். சீட்டில் எழுதியிருந்தது “உணவுடன்” என்று. கவரில் ஏறியது காலை, இரவு. வீட்டுக்கும் அது தோதாகவே பட்டது. காப்ஸ்யூல் விலை கூடுதல், மாதாமாதம் கைக்காசு போட்டு வாங்கவேண்டியது. “சீரண மாத்திரைதானுங்களே, சத்துணவு சாம்பார் சோத்துக்கு எதுக்குன்னு விட்டுட்டோம்ங்க. ஞாயித்துக்கெழம கறி எடுத்தா மட்டும் மத்தியானமும் ரெண்டு குடுத்துருவோம்.”

ஞாயிறு எண்கள் ஏன் நன்றாக இருந்தன என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

உடம்புக்குள் நடந்தது

அப்பா ஊர் திரும்பியதும் குடும்பத்தை உட்காரவைத்துச் சொன்னதை இங்கேயும் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வழக்கமான முதல் வகை நீரிழிவுக் குழந்தைகளைப் பார்த்துப் பழகியவர்கள் வழுக்குகிற இடம் இது.

கணையம் இரண்டு வேலை செய்கிறது: சாப்பாட்டைச் செரிக்க நொதி, செரித்த குளுக்கோஸைக் கையாள ஹார்மோன். முதல் வகையில் போவது இன்சுலின் மட்டும். கணையத்தையே வெட்டி எடுத்த குழந்தைக்கு நொதியும் போய்விடுகிறது. நொதி இல்லாவிட்டால் கொழுப்பு செரிக்காது, மலம் மிதக்கும். மாவுச்சத்தைச் செரிக்க எச்சிலில் கொஞ்சம் நொதி உண்டு என்றாலும் சோறு முழுதாகவும் உரிய வேகத்திலும் குளுக்கோஸாக மாறாது. போட்ட இன்சுலினோ சோற்றுக்காகக் காத்திருக்காது. வந்து சேராத குளுக்கோஸுக்கு வேலை செய்த இன்சுலின்தான் அந்த 52.

பிஸ்கட் பலிக்காததற்கும் அதுவே காரணம். மாவும் கொழுப்பும் சேர்ந்த பண்டம் நொதியில்லாமல் வயிற்றில் கிடக்கும். குளுக்கோஸ் பவுடருக்குச் செரிமானமே வேண்டாம். சர்க்கரையை உடைக்கும் நொதி சிறுகுடலின் சுவரிலேயே இருக்கிறது. கணையத்தை நம்பி அது இல்லை. ஆகவே இந்தக் குழந்தைகளுக்கு லோ சுகரில் கொடுக்கவேண்டியது குளுக்கோஸ் அல்லது சர்க்கரை; பிஸ்கட், முறுக்கு, கடலைமிட்டாய், பால் எதுவும் முதல் மருந்தாகாது. அளவு கிலோவுக்கு சுமார் 0.3 கிராம், இவனுக்கு 8 கிராமுக்குக் கிட்ட, தலைதட்டிய டீஸ்பூனில் இரண்டு. கால் மணி கழித்துத் திரும்பப் பார்க்கவேண்டும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாதது. சுகர் இறங்கும்போது கல்லீரலிலுள்ள இருப்பை வெளியே எடுக்கச் சொல்லும் குளுக்ககானும் அதே தீவுகளில்தான் சுரக்கிறது. வாலோடு அதிலும் பெரும்பங்கு போய்விட்டது. அப்பா கேட்டுவிட்டு, “அப்ப எறக்கத்துல பிரேக் கொறைஞ்ச வண்டிங்களா?” என்றார். அதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இவனுக்கு இறங்க ஆரம்பித்தால் தானாக நிற்காது. அதனால்தான் மற்றக் குழந்தைகளைவிடக் குறி சற்று மேலே வைத்தோம். சாப்பாட்டுக்கு முன் 100 முதல் 160, படுக்கும்போது 120-க்குக் குறையக்கூடாது.

நொதி முதலில், இன்சுலின் பிறகு

மதியக் காப்ஸ்யூல் திரும்பத் தொடங்கியது. இரண்டையும் சாப்பாட்டுக்கு முன்பே விழுங்கிவிடாமல், முதல் வாயோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் ஒன்று. கடிக்கக்கூடாது, சுடுசோற்றில் பிரித்துப் போடக்கூடாது. சூட்டில் நொதி கெட்டுவிடும். வேளைக்கு 20,000 யூனிட் என்பது கிலோவுக்கு 800-க்குச் சற்று மேல். 2,500 என்ற உச்ச வரம்புக்கு வெகு கீழே.

இன்சுலினை உடனே கூட்டவேண்டாம் என்று முடிவெடுத்தோம். செரிக்கத் தொடங்கினால் சுகர் ஏறும், அது தெரிந்ததுதான். எவ்வளவு ஏறும் என்று பார்க்காமல் ஊசியையும் சேர்த்து மாற்றினால், பின்னால் எது எதைச் செய்தது என்று பிரிக்க முடியாது. மதியம் 1 யூனிட்டிலேயே விட்டு எண்களை வாங்கினோம்: 212, 238, 226. பள்ளியிலிருந்து பதறிப்போய்த் தொலைபேசி வந்தது. இதைத்தான் எதிர்பார்த்தோம் என்று சொல்லி, மதியத்தை 2 யூனிட்டுக்குத் திருப்பினோம். பின்னேர எண்கள் 130-க்கும் 170-க்கும் நடுவே வந்து நின்றன. அக்டோபரில் 52-க்குத் தள்ளிய அதே 2 யூனிட்.

மலம் ஒரு வாரத்துக்குள் மாறிவிட்டது என்று அப்பத்தாவே சொன்னார்.

செலவைப் பற்றி ஒளிக்காமல் பேசவேண்டியிருந்தது. அறுவைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கைகொடுத்தது. மாதாந்திரக் காப்ஸ்யூல் கைக்காசு. மருத்துவமனைச் சமூகப் பணியாளர் ஒரு அறக்கட்டளை வழியாகப் பாதிச் செலவுக்கு ஏற்பாடு செய்தார். அதோடு நான் வீட்டுக்குச் சொன்னது: கையில் காசில்லாமல் காப்ஸ்யூல் இல்லாத நாள் வந்தால், மதிய ஊசியை வழக்கம்போல் போட்டுவிடாமல் எங்களைக் கூப்பிடுங்கள். படுக்கும்போது போடும் இன்சுலினை மட்டும் எந்தக் காரணத்துக்கும் நிறுத்தாதீர்கள்.

நாட்டுச்சர்க்கரை பற்றி ஒரு வார்த்தை. அப்பா கவுந்தப்பாடியிலிருந்து ஒரு பை வாங்கி வந்திருந்தார், “வெள்ளைச் சக்கரைதானுங்க கெடுதல், இது சேத்துக்கலாம்ல?” என்றார். பழனி பஞ்சாமிர்தத்துக்கே போகிற சரக்கு. ருசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சுகரை ஏற்றுவதில் அதுவும் சர்க்கரைதான். தினமும் காப்பியில் வேண்டாம், லோ சுகர் வந்தால் தாராளமாகக் கொடுங்கள் என்றேன். பள்ளிப் பையில் இப்போது குளுக்கோஸ் பொட்டலத்தோடு அதுவும் இருக்கிறது.

கம்பத்தாட்ட இரவு

பங்குனியில் ஊர் மாரியம்மனுக்குப் பூச்சாட்டு. கோயில் முன் கம்பம் நட்டு, இரவானால் பறையடிக்க இளவட்டமும் பொடிசுகளும் கம்பத்தைச் சுற்றி ஆடும். போன வருடம் வலியால் திண்ணையில் உட்கார்ந்து பார்த்த பையன் இந்த வருடம் இறங்கி ஆடினான். எட்டு மணிக்குத் தொடங்கி பத்து மணி வரை. வந்து படுக்கும்போது சுகர் 128. திட்டப்படி சரியான எண். வழக்கமான என்.பி.எச். போட்டார்கள்.

விடியற்காலை மூன்று மணிக்கு மேல், பண்ணை வேலைக்கு எழுந்த அம்மா அவன் மேல் கை வைத்துப் பார்க்க, பனியன் நனைந்து சில்லென்று இருந்தது. கூப்பிட்டால் முனகல் மட்டும். சுகர் 41. தலையைத் தூக்கி உட்காரவைத்து, விழுங்குகிறானா என்று முதலில் ஒரு துளி கொடுத்துப் பார்த்து, பிறகு நாட்டுச்சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாகப் புகட்டியிருக்கிறார். கால் மணியில் 63, திரும்பக் கொடுத்தபின் 97. அதற்குப் பிறகு ஒரு கிண்ணம் தயிர் போட்ட கம்பஞ்சோறு, கூடவே ஒரு காப்ஸ்யூல். அந்த நேரத்துப் பதற்றத்திலும் காப்ஸ்யூலை மறக்கவில்லை.

ஆட்டத்தில் செலவான இருப்பைத் தசைகள் ராத்திரி முழுக்க இழுத்து நிரப்பிக்கொள்ளும். படுக்கும்போது போட்ட என்.பி.எச். உச்சத்துக்கு வரும் நேரமும் அதே நடுச்சாமம். ஏற்றிவிடக் குளுக்ககானும் இல்லை. மூன்றும் ஒரே இடத்தில் சந்தித்தன.

திருவிழா முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஆடக்கூடாது என்று சொல்வது சுலபம், அம்மா அதைத்தான் எதிர்பார்த்தார். குழுவில் நாங்கள் அப்படி முடிவெடுக்கவில்லை. அந்தப் பையன் நான்கு வருடம் திண்ணையில் உட்கார்ந்தவன். என்.பி.எச்.சுக்குப் பதிலாக, உச்சமில்லாமல் ஒரே சீராக வேலை செய்யும் கிளார்ஜின் இன்சுலினுக்கு மாற்றினோம், காலையில் ஒரே ஊசி. அது 100 அளவு மருந்து என்பதால் புட்டியாகக் கொடுக்காமல் பேனாவாகவே கொடுத்தோம். வீட்டில் சிவப்பு மூடி சிரிஞ்சுகள் கிடக்கும்போது 100 அளவுப் புட்டி உள்ளே போகக்கூடாது. ஆட்டம் உள்ள நாளில் இரவுச் சாப்பாட்டு ஊசி பாதி. ஆட்டத்துக்கு நடுவே ஒரு முறை சுகர் பார்ப்பது. படுக்கும்போது 150-க்குக் குறைந்தால் காப்ஸ்யூலோடு ஒரு சிறு சாப்பாடு. இரண்டு மணிக்கு ஒரு பார்வை, அதற்கு அப்பத்தா தானே முன்வந்தார், “எனக்கு எப்பிடியும் தூக்கம் வராதுங்க.”

மீதி இரவுகளில் குறைந்தது 88. நடுவில் ஒரு நாள் 260 வரை போனது. அதைப் பற்றி நாங்கள் அலட்டிக்கொள்ளவில்லை.

விளைவு

ஜூனில் எடை 28 கிலோ. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 7.4 சதவீதம். புத்தகக் குறியான 7-க்குக் கொஞ்சம் மேல். இவனுக்கு அதை விரட்டிப் பிடிக்க அவசரமில்லை என்பது எங்கள் கருத்து. வைட்டமின் டி குறைவாகவே இருந்தது, டோஸ் கூட்டினோம். முன்பு இருந்த மாதிரி வலி இல்லை. நொதி, இன்சுலின் இரண்டின் அளவும் எடையோடு கூடிக்கொண்டே போகும். வளரிளம் பருவம் தொடங்கினால் இன்சுலின் தேவை இன்னும் ஏறும். தங்கைக்கு வலி எதுவும் இல்லை. ஸ்கேன் எடுத்ததில் கணையம் இயல்பாக இருந்தது.

மாற்றியவை

இந்த நிகழ்வுக்குப் பிறகு, கணைய அறுவை முடிந்து போகும் குழந்தைகளின் டிஸ்சார்ஜ் தாளில் இன்சுலினும் நொதியும் தனித்தனிப் பக்கத்தில் வருவதில்லை. ஒரு வேளைக்கு ஒரு வரி: என்ன சாப்பாடு, எத்தனை காப்ஸ்யூல், எத்தனை யூனிட். “உணவுடன்” என்ற ஒற்றைச் சொல்லை நிறுத்திவிட்டோம். காலை 2, மதியம் 2, இரவு 2, தீனிக்கு 1 என்று எண்ணாகவே எழுதுகிறோம். மருந்துக் கடைக் கவரை அடுத்த வருகைக்குக் கட்டாயம் கொண்டுவரச் சொல்கிறோம், பழையதையும் சேர்த்து. காப்ஸ்யூலை “சீரண மாத்திரை” என்று நாங்களே சொல்வதை விட்டோம். செலவு நெருக்கும்போது வீடு முதலில் கைவிடுவது அந்தப் பெயருள்ள மருந்தைத்தான்.

பள்ளிக்கு இன்சுலினும் இரண்டு காப்ஸ்யூலும் ஒரே டப்பாவில் போகின்றன. காப்ஸ்யூல் இல்லாமல் டப்பா வந்தால் ஊசி போடுமுன் வீட்டுக்கும் எங்களுக்கும் அழைக்கவேண்டும் என்று தலைமையாசிரியரோடு பேசி வைத்திருக்கிறோம்.

ஒவ்வொரு வருகையிலும் மலத்தைப் பற்றிக் கேட்கிறோம், சமைப்பவரிடமும் கழுவுபவரிடமும். இந்தப் பிள்ளை வீட்டில் அது அம்மா இல்லை, அப்பா இல்லை. பயிற்சி கொடுத்த நாளில் மருத்துவமனைக்கு வராத அப்பத்தா. இப்போதெல்லாம் பகலில் பிள்ளையோடு இருப்பவர் யார் என்று கேட்டு, அவர் வரும் நாளில்தான் பயிற்சி. திருவிழா, நோன்பு, பழனி நடை என்று ஊர் நாட்காட்டியையும் முன்கூட்டியே வாங்கிக் குறித்துக்கொள்கிறோம்.

மயக்கமாகி விழுங்க முடியாமல் போனால் என்ன என்பது இன்னும் முழுசாகத் தீராத கேள்வி. குளுக்ககான் ஊசி இவன் எடைக்கு 1 மி.கி.; ஆனால் எளிதில் கிடைப்பதில்லை, விலையும் கூடுதல், கல்லீரலில் இருப்பு குறைந்த மெலிந்த குழந்தைக்கு அது பலிப்பதும் குறைவு. இப்போதைக்கு வீட்டில் சொல்லியிருப்பது ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடவேண்டும் என்பதுதான். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மருத்துவர் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார்: கணையத்தின் பெரும்பகுதி அகற்றப்பட்ட குழந்தை, 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) கிலோவுக்கு 2 மி.லி. நரம்பு வழியாக, கால் மணி கழித்துத் திரும்பச் சுகர் பார்க்கவும், நன்றாகிவிட்டான் என்று உடனே அனுப்பவேண்டாம். எடை மாறும்போதெல்லாம் அந்தக் கடிதத்தைப் புதிதாக எழுதிக் கொடுக்கிறோம். ஜூனில் கொடுத்ததில் 56 மி.லி. என்று இருக்கிறது.